மழைநீர்க் குழி

பக்கத்து வீட்டு மாமி எங்கள் அச்சுக்கூடத்துக்குள் முதன்முதலாக வந்த அன்று கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு வைத்திருந்தார். தரையில் காய்ந்துகொண்டிருந்த துணிப் பைகளை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து என் மேசைக்கு வந்து, சொம்பை என் முன்னால் வைத்தார்.

“இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்” என்றார்.

கிணற்றுத் தண்ணீர். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. சொம்பின் விளிம்பையொட்டி மெல்லிய நுரை. குனிந்து மோந்தால், புதிதாகப் பெயிண்ட் அடித்த அறையின் வாசனை.

“ஒரு மாசமா இப்படித்தான் இருக்கு. மாமாவுக்குக் காலெல்லாம் அரிக்கறதாம். குளிக்கறதுக்கும் பாத்திரம் தேய்க்கறதுக்கும் எங்காத்துல இந்தக் கிணறுதான். நீங்க சாயம் கரைக்கறேளே, அதுல ஏதாவது இங்க வர்றதோன்னு ஒரு சந்தேகம். சண்டை போட வரலைம்மா. கேட்டுண்டு போலாம்னு வந்தேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்ற மகிழ்ச்சி.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில், மந்தைவெளிப் பக்கமாகப் போகும் ஒரு சந்தில். பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தையும் பின்கட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். கல்யாணங்களில் கொடுக்கும் தாம்பூலப் பைகள்தான் எங்கள் முக்கியமான சரக்கு. தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கும் அச்சடித்துக் கொடுத்தோம். நாங்கள் என்றால் நானும் அவனும். நந்தனத்தில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அவன் என் நண்பன். நான் வேதியியல், அவன் வணிகவியல். பஸ் நிறுத்தத்தில் தொடங்கிய பழக்கம்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரே மூழ்கிய அந்த டிசம்பரில் நானும் அம்மாவும் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். ஆற்றுத் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு ஏறிவிட்டது. போன் வேலை செய்யவில்லை. யாரும் கூப்பிடாமலே அவன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை போய், திரும்பி எனக்காகவும் வந்தான். அப்படி வந்தவனை அதற்குப் பிறகு நான் எதிலும் சோதித்துப் பார்த்ததில்லை. அது தேவை என்றும் தோன்றியதில்லை.

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது அவன்தான் யோசனையோடு வந்தான். “மச்சி, இனிமே துணிப் பைக்குத்தான் கிராக்கி. நீ அந்தக் கம்பெனில எவன் கழிவுத் தண்ணியையோ சுத்தம் பண்ணிட்டு இருக்க. நமக்குன்னு ஒண்ணு பண்ணலாம் வா.”

நான் அப்போது ஒரு பெரிய தொழிற்சாலையில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். சின்னச் சின்னப் பட்டறைகள் என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரியும். பைகள் பச்சையாக இருக்கும், பட்டறையின் பின்பக்கம் சாக்கடை நீலமாக ஓடும். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். சாயம் தடவி அச்சடிக்கும் வலைச் சட்டங்களைக் கழுவும் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குப் போக வேண்டும். தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வேலை எடுக்க வேண்டும்.

“தொட்டி உன் டிபார்ட்மென்ட். நான் வாயே திறக்க மாட்டேன்” என்றான்.

பின்கட்டில் மூன்று தொட்டிகள் கட்டினேன். முதல் தொட்டியில் சாயத் தண்ணீர் விழும். அதில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுக் கலக்கிவிட்டால் காலைக்குள் சாயம் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீர் மணலும் கரியும் நிரப்பிய இரண்டாவது தொட்டி வழியாக வடிந்து மூன்றாவதற்கு வரும். அதையே மறுபடி சட்டம் கழுவ எடுத்துக்கொள்வோம். அடியில் படிந்த கசடை வழித்தெடுத்து, சாக்கின் மேல் வடாம் போல வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி, அதற்கென்று உரிமம் வாங்கிய ஆட்களிடம் கொடுப்போம். எல்லாம் மெதுவான வேலை. எனக்கு அந்த மெதுவே பிடித்திருந்தது.

மதில் ஓரமாக வீட்டுக்காரர் எப்போதோ வெட்டிய மழைநீர் சேகரிப்புக் குழி ஒன்று குப்பை அடைத்துக் கிடந்தது. அதையும் தூர் வாரி, புது ஜல்லியும் மணலும் போட்டு, மொட்டை மாடித் தண்ணீரை அதில் இறக்கினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டுக் கிணறு. “இந்த வருஷம் பாருங்க மாமி, உங்க கிணத்துல தண்ணி ஏறும்” என்று மதில் வழியாகச் சொன்னேன். மாமி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். “ஏறினா உனக்கு நூத்துக்கு நூறு” என்றார்.

ஒவ்வொரு பையிலும் ஒரு சின்ன அட்டை கட்டித் தொங்கவிட்டோம். ‘இந்தப் பையை அச்சடித்த தண்ணீரில் ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் போகவில்லை.’ அந்த வாக்கியம் நான் எழுதியது. கடைக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பையைவிட அந்த அட்டைக்காகவே எங்களிடம் வருவதாக ஒரு ஜவுளிக் கடை மேலாளர் சொன்னார்.

இரண்டு வருடங்கள் நன்றாகப் போயின. பிறகு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, படுக்கை, பிசியோதெரபி என்று மாதங்கள் ஓடின. “நீ அம்மாவைப் பாரு மச்சி. இங்க நான் இருக்கேன்ல” என்றான் அவன். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வந்து போவேன். வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய் மூன்றாவது தொட்டியை எட்டிப் பார்ப்பேன். அடித்தரை தெரியும்படி தண்ணீர் அவ்வளவு தெளிவாக நிற்கும். நான் இல்லாமலே எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மனம் நிறைந்து திரும்புவேன். வாரக்கணக்கில் அதற்குள் எதுவும் விழவில்லை, அதனால்தான் அது தெளிந்திருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமி சொம்போடு வந்தார்.

அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். அடியில் கசடு படிந்து கிடந்த முதல் தொட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விளக்கினேன். படிகாரம் என்ன செய்யும், கரி என்ன செய்யும் என்று பாடம் எடுப்பதுபோலச் சொன்னேன். கடைசியில் மூன்றாவது தொட்டித் தண்ணீரை மொண்டு என் முகத்தைக் கழுவிக் காட்டினேன்.

“எங்க தண்ணி ஒரு சொட்டு வெளியில போகாது மாமி. என்னை நம்புங்க.”

அவன் அப்போது கை துடைத்துக்கொண்டே அங்கே வந்தான். “மாமி, இவ இருக்கிற வரைக்கும் எதுவும் தப்பாப் போகாது. படிகாரம் ஒரு கரண்டி கொறைஞ்சா எங்களையெல்லாம் வாட்டி எடுத்துருவா” என்றான். மாமி சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் மூவரும் நின்று சிரித்த இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான் அந்தக் குழி இருந்தது.

“அப்போ எங்கேந்து வர்றதுங்கறே?” என்று மாமி கேட்டார்.

“சாக்கடைக் குழாய் எங்கயாவது உடைஞ்சிருக்கும் மாமி. பழைய வீடுகள்ல அது நடக்கும். சோப்புத் தண்ணி, யாராவது கழுவி ஊத்தின பெயிண்ட், எல்லாம் ஊறிக் கிணத்துக்கு வரும்.”

நான் சொன்னதை மாமி அப்படியே எடுத்துக்கொண்டார். கொத்தனாரை அழைத்து முற்றத்துத் தரையை உடைத்தார்கள். குழாய் போகும் வழியில் நின்ற பவழமல்லியை வெட்டினார்கள். மாடியில் குடியிருந்தவர்கள் கண்டதையும் கழிப்பறையில் ஊற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்து, பேச்சு வளர்ந்து, அந்தக் குடும்பம் வீட்டையே காலி செய்துகொண்டு போயிற்று. உடைசல் எதுவும் அகப்படவில்லை. கிணற்றை இறைத்துத் தூர் வாரினார்கள். சில நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி அதே வாசனை. மாமாவின் கால்களில் தோல் உரிந்தது. அவர் கால்களைச் சூடான வேப்பிலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். அந்த வேப்பிலையை வேகவைத்ததும் அதே கிணற்றுத் தண்ணீரில்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டிய ஒரு மழைக்கு மறுநாள் காலை, தரையில் அடுக்கியிருந்த பைகள் நனைந்துவிடுமே என்ற பயத்தில் ஆட்டோ பிடித்துப் போனேன். சந்துக்குள் ஆட்டோ வர மறுத்ததால் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். சட்டம் கழுவுகிறவர் மட்டும் வந்திருந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர், ஆரம்பத்திலிருந்து எங்களோடு இருப்பவர். இருவருமாகப் பைகளை மேசை மேல் ஏற்றினோம். பிறகு நான் பின்கட்டுக் கதவைத் திறந்தேன்.

முற்றம் முழுக்கக் குங்குமச் சிவப்பு. அந்த வாரம் நாங்கள் அடித்துக்கொண்டிருந்த கல்யாணப் பைகளின் நிறம். முதல் தொட்டிதான் உடைந்துவிட்டது என்று ஓடினேன். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே மழைத் தண்ணீர்தான் நின்றது. சிவப்பு வந்துகொண்டிருந்தது மழைநீர்க் குழியிலிருந்து. மூடியை நெட்டித் தள்ளிக்கொண்டு, கொதிக்கும் பாலைப்போலப் பொங்கி, மதிலின் அடியில் இருந்த துளை வழியாக மாமி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சட்டம் கழுவும் கல்லின் பின்னால் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை இழுத்தேன். அடியில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று. கல்லில் தொடங்கிக் குழியில் முடிந்தது.

“இது எப்ப போட்டது?” என்று அவரிடம் கேட்டேன்.

“அது ரொம்ப நாளா கீது மேடம். ஆடிக்கு முன்னாடியே போட்டது. தொட்டில வுட்டா மறுநாள் வரைக்கும் குந்திகினு இருக்கணும். ஆர்டர் எப்படி முடியும்?”

“யார் போடச் சொன்னாங்க?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இன்னா மேடம் இப்படிக் கேக்குறீங்கோ. நீங்கதான் சொன்னதா சார் சொன்னாரு. அவங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க, மண்ணே வடிகட்டிரும்னு அவங்களே சொல்லிட்டாங்க, பயப்படாம வுடுன்னாரு. அன்னிக்கு அந்த மாமி வந்தப்போ நீங்க பேசுனதக் கேட்டுட்டு, நானும் அப்படித்தான் நெனச்சிகினேன்.”

‘அப்படித்தான்’ என்று அவர் எதைச் சொன்னார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் தெரிந்தே பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அச்சடிக்கும் பெண்கள், பை தைக்கும் டெய்லர் எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். மாதக்கணக்காகக் காலையில் வந்து நான் தொட்டியை எட்டிப் பார்த்ததையும், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதையும் ஒரு நடிப்பாகத்தான் பார்த்திருப்பார்கள்.

அவன் வந்தபோது தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்திருந்தான். கையில் எங்கள் எல்லோருக்குமாக டீ வாங்கிய பிளாஸ்க். பின்கட்டு வாசலிலேயே நின்று, முற்றத்தைப் பார்த்தான், இழுத்துப் போட்ட மூட்டையைப் பார்த்தான். பிளாஸ்கை மெதுவாகக் கீழே வைத்தான்.

“கல்யாண சீசன் மச்சி” என்றான். “உன் தொட்டி எவ்ளோ தாங்கும்னு உனக்கே தெரியும். உன்கிட்ட கேட்டா ஆர்டரை விடுன்னு சொல்லுவ. அம்மா வேற படுத்திருந்தாங்க. எதுக்கு உன்னைத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.”

“மாமி சொம்போட வந்தப்ப நீ பக்கத்துல நின்ன.”

“நின்னேன்.”

“அவங்க வீட்டுத் தரையையே உடைச்சாங்க.”

“நான் உடைக்கச் சொல்லலையே. சாக்கடைன்னு நீதான சொன்ன.”

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததை நினைவுபடுத்துகிறவன் குரலில்தான் சொன்னான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கழுவுகிறவர் உள்ளே போய்விட்டார்.

“என்னை ஏன் பேச விட்ட?” என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “நான் சொன்னா நம்ப மாட்டாங்க மச்சி. நீ சொன்னா நம்புவாங்க. உனக்குத் தெரிஞ்சிருந்தா உனக்கும் அப்படி சொல்ல வந்திருக்காது. முகத்துல காட்டிக் குடுத்துருவ.”

என்னைப் பாராட்டுகிற தொனிகூட அதில் இருந்தது. நான் நேர்மையானவள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மூன்று தொட்டிகளை எப்படிப் பயன்படுத்திக்கொண்டானோ அப்படியே அதையும் பயன்படுத்தியிருக்கிறான். வருகிறவர்களுக்குக் காட்ட.

குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே மாமி வீட்டுக்குப் போனேன். மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிணற்றடியில் தேங்கிய சிவப்புத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். மாமா ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், குழி, எப்போதிலிருந்து, யார். மாமி தள்ளுவதை நிறுத்தாமல் கேட்டார்.

“உனக்குத் தெரியாதுங்கறே.”

“சத்தியமாத் தெரியாது மாமி. இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன்.”

மாமி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “நான் எப்படிம்மா அதை நம்பறது? அன்னிக்கும் இதே மூஞ்சியோடதானே சொன்னே.”

இன்னொரு துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுக்கப் போனேன்.

“வேண்டாம், வை” என்றார். “சித்த நகர்ந்துக்கோ. கால்ல பட்டுடப் போறது.”

அந்த வாரமே நான் விலகிக்கொண்டேன். போவதற்கு முன் ஆள் வைத்துக் குழியில் இருந்த மணலையும் ஜல்லியையும் முழுக்கத் தோண்டி எடுத்தேன். ஆளுயரத்துக்குக் கீழேகூட மண் பல நிறத்தில் அடுக்கடுக்காக இருந்தது. மஞ்சள், கரும்பச்சை, அதற்கும் மேல் சிவப்பு. எந்த மாதம் எந்தக் கடையின் பையை அடித்தோம் என்று அதைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. அடுக்குகளுக்கு அடியில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீரை மாமி குடும்பம் பிறகு பயன்படுத்தவில்லை. மேலே கம்பி வலையைப் போட்டு, அதன் மேல் தகரம் வைத்து மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். கோயில் பக்கம் ஒருமுறை எதிரில் பார்த்தபோது மாமி நின்றார், “அம்மா நடக்கறாளா?” என்று கேட்டார், நான் பதில் சொன்னதும் தலையசைத்துவிட்டுப் போனார். அவ்வளவு மரியாதை மிச்சமிருந்தது.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுக்கக் கேட்டாள். “அன்னைக்குத் தண்ணில என்னைத் தூக்கிட்டு வந்த புள்ளைடி அவன்” என்றாள் கடைசியில். அவள் சொன்னதும் உண்மைதான். இரண்டையும் செய்தது ஒரே ஆள். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெள்ளத்தில் வந்தவனை வெறுக்கவும் முடியவில்லை, குழியை மறக்கவும் முடியவில்லை.

அவன் பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றிக்கொண்டான். ஒருநாள் போன் செய்தான். எதுவுமே நடக்காததுபோல அம்மாவை விசாரித்தான். பிறகு, ஒரு பெரிய நகைக் கடையிலிருந்து பட்டறையைப் பார்க்க வருகிறார்கள், சுற்றுச்சூழல் பற்றியெல்லாம் கேள்வி கேட்பார்களாம் என்றான். “அந்த மூணு தொட்டி விஷயம், நீ விளக்குற மாதிரி எனக்கு வரல மச்சி. ஒரே ஒரு தடவை வந்து பேசிட்டுப் போறியா?”

“இப்பவாவது தொட்டிக்குத் தண்ணி போகுதா?” என்று கேட்டேன்.

“போகுது போகுது” என்றான்.

போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை.

இப்போது நான் மறுபடியும் மற்றவர்களின் கழிவுத் தண்ணீரைத்தான் பார்க்கிறேன். லாண்டரிகள், சின்ன ஓட்டல்கள், ஸ்கூட்டர் சர்வீஸ் செய்யும் கடைகள். பெரிய இயந்திரம் வாங்க முடியாதவர்களுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்து, நடத்தக் கற்றுக்கொடுக்கும் வேலை. சென்ற மாதம் அடையாறில் ஒரு லாண்டரிக்காரர் தன் தொட்டியைக் காட்ட என்னை ஆசையாக அழைத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. நான் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்பக்கம் போய், சுவரோரம் கிடந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினேன்.

“என்ன தேடுறீங்க மேடம்?”

“வேற குழாய் இருக்கான்னு பாக்குறேன்.”

“என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். கேட்டபோது குரல் இறங்கிவிட்டது.

இல்லை என்றுதான் சொன்னேன். அவர் முகம் வாடியது. பிறகு தானே வந்து மூட்டைகளை நகர்த்த உதவினார். ஒன்றும் இல்லை. சுவரும் தரையும் சுத்தமாக இருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், ஆனால் கேட்கவில்லை. அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு விடைபெற்றேன். அடுத்த வாரம், சொல்லாமல் இன்னொரு முறை போனேன்.